அடுப்போரத்துப் பால்

தம்பி அருள்,

உன் அம்மாவைப் பற்றிய செய்தி எனக்கு வந்தது பகல் இரண்டு நாற்பதுக்கு. அதற்குள் அவள் போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. நான் ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனையின் நடுவில் இருந்தேன். அந்த வேலை நடக்கும்போது போனை அணைத்து வெளியே அலமாரியில் வைத்துவிட வேண்டும், அது எங்கள் பால் ஆலையின் ஒழுங்கு. வேலை முடிந்து, கையைக் கழுவி, போனை எடுத்து இயக்கினேன். நீ விடுத்த அழைப்புகளும், அம்மாவோடு தயிர் உறைய வைக்கும் புஷ்பம் அக்கா விடுத்த அழைப்புகளும் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருக்கும்போதே திரும்ப நீ அழைத்தாய். "அம்மாவுக்குக் குளவி கொட்டிருச்சுப்பா" என்றாய். "எந்த வார்டு?" என்று கேட்டேன். தான் டீச்சராக இருந்த தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் விட்டுப்போன சின்னப் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு அவள் வெளியே நின்றுவிட்டாள் என்பதும், தோட்டத்து லொறி நமுனுகுலயிலிருந்து பதுளைக்கு இறங்கும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து நான் போனை அணைத்ததே இல்லை. பூசையிலும் சட்டைப்பையில் விழித்தபடியே கிடக்கிறது. ஆய்வுகூடத்துக்குள்ளும் கொண்டுபோகிறேன். மேலாளர் பார்த்தும் பார்க்காதவர்போல் போய்விடுகிறார்.

செவ்வாய்க்கிழமை நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "அன்னைக்குப் போனை அணைச்சு வச்சீங்கல்ல, இப்ப வாயையும் அணைச்சு வைங்க." சொன்ன பிறகு நீயே பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாய். என் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கே ஒன்றும் தெரியவில்லை. கோபம் வந்திருந்தால்கூட நல்லது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். அறைக்கு வந்து பால் சேர்க்காமல் ஒரு கோப்பை பிளேன்டி ஊற்றி, குடிக்காமல் கொட்டி, கோப்பையைக் கழுவி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே எடுத்துத் திரும்பவும் கழுவினேன். இதை எழுதும்போதும் அப்படித்தான், நாலு வரி எழுதுகிறேன், எழும்பி வாசல்வரை நடக்கிறேன், பதுளை டவுனுக்குள் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து உட்காருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. புஷ்பம் அக்கா வீட்டு முன் இஸ்தோப்பில், அம்மாவோடு தயிர் செய்து விற்ற தயிர்ச் சங்கத்துப் பெண்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சத்தமாக வாசி. உனக்கு எழுதுவதுதான், ஆனால் அவர்களுக்கும் தெரிய வேண்டியது.

கோயிலில் பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தன்று நீ அழைத்தபோது முதல் மணியிலேயே எடுத்தேன். அதில் எனக்கு ஓர் அற்ப நிம்மதி இருந்ததை மறைக்கமாட்டேன். "பிள்ளைங்க எல்லாம் வாந்தி எடுக்குதுப்பா, கோயில் பெஞ்சு பூரா படுத்துக் கெடக்குதுங்க" என்றாய். நான் த்ரீவீலில் ஏறி மேலே வந்தேன். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கவுனுமாக அந்தப் பிள்ளைகள் கிடந்த கிடை எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல வேளையாக ஒன்றுக்கும் பெரிதாக ஆகவில்லை, மறுநாளே எழும்பி மலைரோட்டில் கிரிக்கெட் விளையாடினார்கள். பி.எச்.ஐ, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து மிச்சமிருந்த கோழிக்கறியை எடுத்துப்போய், கோழிதான் காரணம் என்று எழுதிவிட்டார். சமைத்தது புஷ்பம் அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன். பி.எச்.ஐ மேல் குறை சொல்ல முடியாது. அவர் வருவதற்குள் நம் பெண்கள் வழக்கம்போல எல்லாத் தயிர்ச் சட்டிகளையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். இருந்ததைத்தானே அவர் எடுக்க முடியும். ஆனால் நான் அங்கே நின்று ஒவ்வொருவராக விசாரித்துப் பார்த்தேன். கோழியே தொடாத பிள்ளையும் வாந்தி எடுத்திருந்தது. பெரியவர்கள் கோழியை வளைத்துக் கட்டியிருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் தயிரும் அதன்மேல் ஊற்றும் இனிப்புப் பாணியும் பிள்ளைகளுக்குப் போதவே சரியாக இருந்தது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே வாந்தி, யாருக்கும் காய்ச்சல் இல்லை. வயிற்றுக்குள் போய்ப் பெருகிய கிருமியென்றால் இவ்வளவு அவசரமாக வேலை காட்டாது. ஏற்கெனவே உண்டாகி, தயாராக இருந்த நஞ்சுதான் இப்படிச் செய்யும். அக்கா வீட்டில் மறந்துபோய் ஒரு சட்டி மட்டும் மூடி திறக்காமல் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டு இறங்கினேன். நீயே மூடியில் ஒட்டியிருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தாய். அப்போதே உனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் முதலில் எப்போதும் செய்வதைச் செய்தேன். அம்மா இருந்த காலத்தில் மாதாமாதம் அவள் தயிரில் கொஞ்சம் எடுத்து, கிருமி வளர்கிற தட்டில் போட்டுப் பார்ப்பேன். ஒருநாளும் கெட்ட கிருமி எதுவும் வளர்ந்ததில்லை. "பாத்தீங்களா, ஒங்க ஆலையவிட எங்க லயத்து வீடு சுத்தம்" என்று எனக்கு முன்னாலேயே கரண்டியோடு உட்காருவாள். "வெளிநாட்டு மெசின் எதுக்கு, என்னைய வேலைக்குச் சேத்துக்கச் சொல்லுங்க" என்பாள். இந்தத் தடவையும் தட்டில் அப்படித்தான், சுத்தம். ஆனால் அந்தத் தட்டு உயிரோடு இருக்கிற பற்றீரியாவை மட்டும்தான் காட்டும். அது செத்துப்போவதற்கு முன் பாலில் எதையாவது விட்டுவிட்டுப் போயிருந்தால் அதைக் காட்டாது. அதற்கு வேறு பரிசோதனை இருக்கிறது. ஆலையில் பால்மாவுக்காக வாங்கி வைத்திருக்கிறோம், தோட்டத்துத் தயிருக்கு அதைச் செலவழிக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

பெண்களுக்குப் புரியும்படி சொல்லிவிடு. சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் பிறபொருளெதிரி என்ற ஒன்றை ஒட்டிவைத்திருப்பார்கள். நம் உடம்பு நோயோடு சண்டைபோட உண்டாக்குகிற அதே சாமான்தான். இது அந்த ஒரு நஞ்சை மட்டும் பிடிப்பதற்கென்று தயாரித்தது. தயிரைக் கரைத்துத் தெளிந்த தண்ணீரை அதில் விட்டால், நஞ்சு இருந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிடுவோம். பிறகு இன்னொரு பிறபொருளெதிரி, இது நிறத்தை உண்டாக்குகிற ஒன்றைத் தன்னோடு கொண்டுவரும். அதையும் கழுவுவோம். இத்தனை கழுவலுக்குப் பிறகும் குழியில் நீலம் வந்தால் நஞ்சு அங்கே இருக்கிறது. நீலம் வந்தது. எங்கள் ஆலைத் தயிரையும் பக்கத்துக் குழியில் விட்டிருந்தேன், அது வெறும் தண்ணீராகவே இருந்தது. சாமான் பழுதோ, என் கை பழுதோ என்று முழுவதையும் திரும்பச் செய்தேன். திரும்பவும் நீலம்.

உன் அம்மாவைக் கொன்றதும் பிறபொருளெதிரிதான். இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அவளைக் குளவி ஒரு தடவை கொட்டியிருக்கிறது, முகம் வீங்கி இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அவள் மறந்துவிட்டாள், உடம்பு மறக்கவில்லை. அடுத்த தடவை அதே விஷம் வந்தபோது உடம்பு அதைக் கண்டுபிடித்துப் போட்ட ஆட்டத்தில்தான் மூச்சு நின்றது. டாக்டர் சொன்னபோது பாடப்புத்தகத்தில் படித்ததுபோல் தலையாட்டினேன். நீலக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் அப்படித்தான் தலையாட்டியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மேலே வந்தது யாரையும் பிடிக்க அல்ல. எந்த இடத்தில் பிழை நடக்கிறது என்று பார்க்க வந்தேன். மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து பெண்கள் மாட்டைக் கறந்தார்கள். அந்தப் பாலை அக்கா காய்ச்சவில்லை. வடிகட்டி, சட்டியைச் சாக்கால் சுற்றி, அடுப்போரத்தில் கங்குக்குப் பக்கத்தில் வைத்தாள். விடிந்ததும் காலைப் பாலையும் அதோடு சேர்த்து, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரே கொதி, பிறகு உறை. ஒரு தடவை விறகு எரித்தால் போதும், குளிரிலும் தயிர் கட்டியாக உறையும். இது யார் கண்டுபிடித்தது என்று நான் கேட்கத் தேவையில்லை. முதல் வருடம் நமுனுகுலக் குளிரில் ஒரு சட்டியும் உறையாமல், சங்கமே கலைந்துபோக இருந்தபோது உன் அம்மா யோசித்துச் செய்தது. எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நான் அந்தப் பாலில் வெப்பமானியை வைத்தேன். ஏறக்குறைய உடம்புச் சூடு. பற்றீரியாவுக்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது, இரவு முழுவதும் கிடந்து பெருகும், நஞ்சை விடும். காலையில் கொதித்ததும் அது செத்துப்போகும். நஞ்சு கொதிக்குப் பயப்படாது.

"கொதிச்சா எல்லாப் பூச்சியும் செத்துரும்னு டீச்சர்தானே சொல்லுச்சு?" என்றாள் அக்கா.

"செத்துரும்க்கா. அது விட்டுட்டுப் போற நஞ்சுதான் சாகாது."

அந்தோணி அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. "செத்துப்போனது எப்படி சேர் வயித்தக் கலக்கும்?"

"ஏன் கலக்காது?" என்று அக்கா அவர்மேல் பாய்ந்தாள். "ஒங்க அப்பா செத்து எத்தன வருசம்? குடிச்சுட்டு அவரு ஆடுன ஆட்டத்துக்கு இன்னைக்கும் நம்மள ஆட்டக்கார வீடுன்னுதானே கூப்புடுறானுங்க?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், நீ பார்த்தாய். அதற்குப் பிறகுதான் அவளுக்கு என் முகம் கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "சேர், நான் டீச்சரச் சொல்லல" என்றாள். "தெரியும்க்கா" என்றேன். அவளுடைய ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். என்ன என்று கேட்டேன். "கொழுந்து வெட்டுன வெடிப்பு சேர், மழைக்காலம்னா எல்லாருக்கும் இதான். சீழ் வச்சிருச்சு, அதான் துணி." இந்தப் பற்றீரியா இருப்பதே அப்படிப்பட்ட புண்ணில்தான். மாட்டு மடியிலும் இருக்கும். யார் கையிலிருந்து வந்தது, எந்த மாட்டிலிருந்து வந்தது என்று நான் தேடவில்லை, தேடவும் மாட்டேன், நீயும் யாரையும் தேடவிடாதே. கொழுந்து பறிக்கிற கையில் வெடிப்பு இல்லாமல் இருக்குமா? அடுப்போரத்தில் வைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கொஞ்சக் கிருமி பெருகாமல் கொஞ்சமாகவே இருந்திருக்கும்.

அப்போதுதான் நீ நிலைக்கதவில் சாய்ந்துகொண்டு, கையில் மூடியில் ஒட்டுகிற அந்தப் படக்கட்டோடு, "பி.எச்.ஐ கோழின்னுதானே எழுதியிருக்காரு? நீங்க சும்மா இருந்தாப் போதும்" என்றாய். அந்தோணி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். உனக்காக அந்தப் பழியைத் தூக்கிக்கொள்ள அவர் தயாராகத்தான் இருந்தார், அதை நீ கவனித்தாயோ என்னவோ. அக்காதான் சொன்னாள்: "கோழின்னா இவரு, தயிருன்னா நானு. எந்தப் பக்கம் சாஞ்சாலும் எங்க கூரைமேலதான் விழுது. ஒண்ணு சொல்லட்டா அருள் தம்பி? இவரு இனி எந்த வீட்டு விசேசத்துக்கும் அண்டா தூக்க முடியாது. தயிருன்னு சொன்னா நாங்க பத்துப் பேரு சேந்து வெக்கப்படலாம்." நீ அவளை விட்டு என் பக்கம் திரும்பித்தான் வாயை அணைத்து வைக்கச் சொன்ன அந்த வார்த்தையைச் சொன்னாய். நான் எழும்பி பஸ்ஸுக்கு நடந்தேன்.

எனக்குத் தெரியும், தம்பி. அம்மா போன பிறகு நான் அந்த வீட்டில் இருக்க முடியாமல் பதுளையில் அறை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவன். நீ ஓடவில்லை. பாலைத் தூக்கினாய், சட்டிகளை அடுக்கினாய், அவள் சிரிக்கிற படத்தை ஒவ்வொரு மூடியிலும் ஒட்டினாய். நம் தயிரை டவுனில் விற்கிற ரிஸ்வான் நானாவின் கடை பிரிட்ஜில் வரிசையாக அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் நான் வெளியே வந்த நாட்கள் உண்டு. உனக்கு அது வியாபாரம் இல்லை என்று புரிந்துதான் இவ்வளவு காலம் ஒன்றும் பேசாமல் இருந்தேன். உனக்கு வயது இருபது. அந்த வயதில் நான் உன் அம்மாவின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தேன், இருபத்திரண்டில் உன்னைக் கையில் வாங்கினேன். உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நான் உன்னைவிடப் பெரிய ஆளும் இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். சூடுபட்ட பிள்ளைக்குப் பற்பசை தடவச் சொல்லி அம்மா எல்லாத் தாய்மாருக்கும் பழக்கியிருந்தாள், உனக்கு நினைவிருக்கும், உன் முழங்கையிலும் தடவியிருக்கிறாள். ஒருநாள் ஆஸ்பத்திரி நர்ஸ் அவளைக் கூப்பிட்டு, அது புண்ணைக் கெடுக்கும், பச்சைத்தண்ணி ஊற்று என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து சோறுகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பின்னேரம் மலைமேல் இருக்கிற மேல்கணக்கு லய வீடுகளிலிருந்து தொடங்கி ஒவ்வொரு காம்பராவாக ஏறி, "நான் சொல்லிக்குடுத்தது பிழை, இனி செய்யாதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். நீயும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனாய். "வெக்கமா இல்லியா?" என்று நான் கேட்டதற்கு, "இருக்கு. வெக்கத்துக்கு மருந்து வேணாம், புண்ணுக்குத்தான் வேணும்" என்றாள். அவள் இப்போது இருந்திருந்தால் நீலக் குழியைப் பற்றி நான் சொல்லி முடிப்பதற்குள் செருப்பைத் தேடியிருப்பாள். அவள் சொன்னது எல்லாம் சரியாக இருந்தால்தான் அவள் உன் அம்மாவா? நீ காப்பாற்ற நினைக்கிற பெயர் அவளுக்கே பெரிதாக இருந்ததில்லை.

இன்று காலை நானா அழைத்தார். யார் சொன்னார்களோ, கதை டவுனுக்கு வந்துவிட்டது. கலியாணத்துக்கு ஆள் ஒருவர் பெரிய தயிர் ஓடர் கொடுத்திருக்கிறாராம். நான் பரிசோதனையை விளக்கத் தொடங்கினேன். அவர் நிறுத்தினார். "சேர், அந்த மெசின் கதையெல்லாம் எனக்கு வாணாம். ஒங்கட பொஞ்சாதி செஞ்ச மாதிரித்தான் இப்பவும் செய்றாங்க. நீங்க தின்னுவீங்களா? அத மட்டும் சொல்லுங்க." நான் நடந்துகொண்டே இருந்தேன். அறைக்குள் நடக்க இடமில்லை, ஆனாலும் நடந்தேன். அவள் கையால் உறைய வைத்த கடைசிச் சட்டியை, அவளை அடக்கம் பண்ணிவிட்டு வந்து நாம் இருவரும் வழித்துச் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. "தின்னமாட்டேன் நானா" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அழுகை வந்தது. அவர் அந்தப் பக்கம் போனை வைக்காமல் சத்தம் அடங்கும்வரை இருந்தார். பிறகு, "சட்டியெல்லாம் நான் பிரிட்ஜுல இருந்து எறக்கி வெக்கிறன். மகனுக்கு ஏசாதீங்க. புதுசாச் செஞ்சா கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

புதுசாகச் செய்யலாம். பின்னேரப் பாலை அன்றன்றே காய்ச்சி அன்றன்றே உறை ஊற்றட்டும். விறகு இல்லாத நாளில், கறந்த கையோடு பால் கேனை மூடி, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீருக்குக் கீழே நிறுத்தி வைக்கட்டும், நமுனுகுலப் பீலித் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு நோகும், பால் விடியும்வரை குளிர்ந்தே இருக்கும். உறை ஊற்றிய சட்டிகளைத்தான் சாக்கு சுற்றி அடுப்போரத்தில் வைக்க வேண்டும், பச்சைப்பாலை அல்ல. சீழ் வைத்த விரலோடு யாரும் கறக்க வேண்டாம், அன்று வேறொருத்தி கறக்கட்டும், அக்காவிடம் சொன்னால் அவள் ஒழுங்குபண்ணிவிடுவாள். முதல் சட்டிகளை என்னிடம் கொண்டு வா. நான் அந்தக் குழிகளில் விட்டுப் பார்க்கிறேன். நிறமில்லாமல் வந்தால் உன் முன்னாலேயே கரண்டி போட்டுச் சாப்பிடுகிறேன்.

என் பரிசோதனை முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக் காலை பி.எச்.ஐ அலுவலகம் திறந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பேன், அந்தோணி அண்ணனின் கோழியில் குற்றமில்லை என்று என் வாயாலும் சொல்வேன். நீ முதல் பஸ்ஸில் இறங்கினால் இரண்டு பேருமாகப் போகலாம். வராவிட்டாலும் நான் போவேன். ஆனால் லயம் லயமாக ஏறிச் சொல்வதை நான் செய்ய முடியாது, தம்பி, அந்தப் பாதையில் அவளோடு நடந்தவன் நீ.

இதைப் பின்னேரப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் பாதையோரக் கடையில் இறக்கிவிடுவார். நீ அழைத்துக்கொண்டே இருக்கிறாய். மேசைமேல் உன் பெயர் எரிகிறது, அணைகிறது, திரும்ப எரிகிறது. எடுக்கக் கை போகிறது. உன் குரலில் ஒரு தடவை "அப்பா" என்று கேட்டால் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். எதுவாக இருந்தாலும் நேரில் வந்து சொல். போனை அணைத்துவிட்டேன்.

அப்பா